ருவாண்டா இந்த வருஷம் வராது

வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: எதைத் தொண்டை வறள நடத்துகிறோமோ, அதைத் தவிர மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். நம் புடவையின் நிறம், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நாம் தேடிய கதை, என்றோ வாய் தவறி உளறியது, எல்லாம் இருக்கும். பாடம் மட்டும் இருக்காது. சாக்பீஸ் தூள் தின்றே வயிறு வளர்த்த சக ஜீவன்களே, உங்கள் பாடாவது பரவாயில்லை. நீங்கள் முகலாயர் நடத்தியிருப்பீர்கள், முக்கோணம் நடத்தியிருப்பீர்கள். நான் தென் கல்கத்தாவில் ஒரு கல்லூரியில் நவீன ஆப்பிரிக்க வரலாறு நடத்தினேன்.

அது விருப்பப் பாடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவில் சிறைக்கதவுகள் திறந்த சந்தோஷத்தில் ஆரம்பித்தோம். ஒரு கண்டமே விடுதலையாவதைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறோம் என்று எனக்கு ஒரே குதூகலம். 1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கா ஓட்டுப் போட வரிசையில் நின்றது. அதே ஏப்ரலில் ருவாண்டாவில் பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனை வெட்ட ஆரம்பித்தான். ஹுட்டு, டுட்சி என்று இரண்டு பெயர். பேசுவது ஒரே பாஷை. ஜூலைக்குள் லட்சக்கணக்கில் போய்விட்டார்கள். அன்றைக்கு இனப்படுகொலை என் பாடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கல்லூரியின் விதி ஒன்றுதான். பத்துப் பேர் சேர்ந்தால் பாடம் உண்டு, சேராவிட்டால் மூடுவிழா. ஒவ்வொரு ஜூலையிலும் பிள்ளை பிடிக்கிறவள் மாதிரி தாழ்வாரத்தில் நிற்பேன். இந்தப் பாடம் நின்றுவிட்டால், அந்த மனிதர்கள் செத்த கதை இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் போய்விடும் என்று எனக்கு உண்மையிலேயே பயம். அந்தப் பயத்திலேயே பதினாறு வருடம் ஓட்டினேன். ஜெயலட்சுமி என்ற என் பெயரை வங்காளிகள் 'ஜொயாதி' ஆக்கியிருந்தார்கள். ஜெயா அக்கா என்று அர்த்தம். மாணவர்களுக்கு நான் மேடம். அவர்களும் இவர்களும் எனக்குச் சொன்னவற்றில் சில இங்கே.

சுண்டுவிரல்

கல்லூரியில் இருந்த ஆப்பிரிக்கா மேப் வெள்ளைக்காரன் காலத்தது. அதில் காங்கோ இன்னும் பெல்ஜியத்துக்குச் சொந்தமாக இருந்தது. புது மேப் வேண்டும் என்று எழுதிப்போட்டு, அலிப்பூரில் இருந்த அரசாங்க ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். ஒரு வழியாக வந்தது. வந்த அன்றைக்கே வகுப்பில் மாட்டி, ருவாண்டாவைக் கண்டுபிடியுங்கள் என்றேன்.

நாடு அத்தனை சிறிசு. பெயரை அதற்குள் அச்சடிக்க இடமில்லாமல் பக்கத்து நாட்டின் மேல் அடித்திருந்தார்கள். பாதி வகுப்பு தான்சானியாவையே ருவாண்டா என்று சாதித்தது. நான் சரியான இடத்தைக் காட்டினேன். முதல் பெஞ்சிலிருந்து சுபோ என்ற பையன் எழுந்துவந்து அதன்மேல் சுண்டுவிரலை வைத்தான். நாடு மறைந்துபோயிற்று. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று மணி அடிக்கும்வரை சொன்னேன். பிறகு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். சுபோதான் கையைத் தூக்கினான்.

"மேடம், என் விரல் நுனியளவுகூட இல்ல. இதுக்குப் போய் இருபது மார்க்கா?"

சஜெஷன்

கல்கத்தா மாணவனுக்கு வேதம் என்று ஒன்று உண்டென்றால் அது சஜெஷன்தான். பரீட்சையில் என்ன கேள்வி வரும் என்று டியூஷன் மாஸ்டர்கள் ஜோசியம் பார்த்துத் தரும் தாள் அது. போன வருடம் கேட்டதை இந்த வருடம் கேட்க மாட்டார்கள் என்பது அதன் மூல மந்திரம். என்ன கொடுமை என்றால், அந்த ஜோசியம் பெரும்பாலும் பலிக்கும்.

ஒரு நாள் ருவாண்டாவில் சர்ச்சுகளுக்குள் ஓடி ஒளிந்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுள் வீட்டுக்குள் வந்து வெட்ட மாட்டார்கள் என்று நம்பிப் போனவர்கள். அங்கேயே வைத்து முடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன், ஒரு பேனாவும் அசையவில்லை. பிள்ளைகள் துக்கத்தில் உறைந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேபாஷிஷ் எழுந்து நின்றான். தங்கமான பையன். என் பையைத் தூக்கிக்கொண்டு டிராம் நிறுத்தம்வரை வருவான். நான் கலங்குவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், நீங்க ஏன் வீணா கஷ்டப்படறீங்க? ருவாண்டா போன வருஷம்தான் வந்தது, இந்த வருஷம் வராது. நைஜீரியா சிவில் வார் வரும், அதை நடத்துங்க."

மாச்சிஸ்

ருவாண்டாவில் துப்பாக்கியைவிட அதிகம் வேலை செய்தது வெட்டரிவாள். எங்கள் ஆங்கிலப் புத்தகத்தில் அதை 'மெஷெட்டி' என்று போட்டிருந்தது. அரையாண்டுத் தேர்வில் ஒருத்தி, டுட்சிகளைத் தீக்குச்சியால் கொன்றார்கள் என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவளும் அதையே எழுதியிருந்தாள். விசாரித்ததில், இருவருமே அந்த வார்த்தையை மாச்சிஸ் என்று படித்திருக்கிறார்கள். இந்தியில் மாச்சிஸ் என்றால் தீப்பெட்டி. ஒரு நாட்டையே தீக்குச்சியால் எப்படியம்மா கொல்வது என்று கேட்டதற்கு, அதுதான் ரொம்பக் கொடூரம் என்று நினைத்தோம் மேடம் என்றார்கள்.

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல், கரும்பலகையில் படம் போட்டேன். கனத்த கத்தி, மரப்பிடி. வங்காளியில் இதற்கு 'தா' என்று பெயர். அண்ணனுக்கும் அதே 'தா'தான். ரொமேன்தா, அனில்தா என்று சக ஆசிரியர்களை நான் மரியாதையாகக் கூப்பிடுகிற அதே தா. கேட் வாசலில் இளநீர் வெட்டுகிறவன் கையில் இருப்பது எதுவோ அதுதான் என்று விளக்கினேன். தீக்குச்சிக்காரியின் முகம் மலர்ந்தது. அதுவரை ஏதோ ஆப்பிரிக்க ஆயுதம் என்று நினைத்திருக்கிறாள்.

"ஓ, அதுவா மேடம்! அது எங்க வீட்டு அடுப்படியிலயே இருக்கே!"

தூரத்துச் சாவு

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ்ச் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். செயலாளர் ராமநாதன் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். நான் ஆப்பிரிக்கா நடத்துகிறேன் என்று என் கணவர் சொன்னதை, நான் ஆப்பிரிக்கா போய்வந்திருக்கிறேன் என்று அவர் புரிந்துகொண்டுவிட்டார். நோட்டீஸில் 'கானகத்தில் சில நாட்கள்' என்று அச்சடித்திருந்தது. நானோ ஹௌரா பாலத்துக்கு அந்தப் பக்கம் போவதே அபூர்வம். சிங்கம் பார்க்கலாம் என்று குழந்தைகளை வேறு அழைத்து வந்திருந்தார்கள். ஸ்லைடு போட வெள்ளை வேட்டி கட்டித் தயாராக இருந்தது.

சிங்கம் இல்லை, மனிதர்கள்தான் என்று சொல்லிவிட்டு ருவாண்டாவைப் பேசினேன். குழந்தைகளை ஒவ்வொருவராக வெளியே அழைத்துப் போனார்கள். பெரியவர்கள் உச்சுக் கொட்டினார்கள். காட்டு ஜனங்கள் என்றார் ஒருவர். முடித்ததும் பின்வரிசையில் ஒரு இளைஞர் எழுந்து, சிலோனில் நம்மவர்களுக்கு நடப்பதும் இதே கணக்கில் வருமா என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ராமநாதன் மைக்கைப் பிடித்து நன்றியுரை சொல்லி, கேசரி தயார் என்று அறிவித்துவிட்டார். கேசரித் தட்டோடு என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனவர் முகத்தில் நிஜமான பயம் இருந்தது. அந்த வருடங்களில் தமிழ்ப் பெயர் இருந்தாலே போலீஸ்காரர் இரண்டு தரம் பார்ப்பார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு மனசு வரவில்லை.

"ஆப்பிரிக்காவைப் பத்தி விடிய விடியப் பேசும்மா, யார் வேண்டாங்கறா? கிட்டத்துல நடக்கறதை மட்டும் இங்க எடுக்காதே, ஹாலைத் தர மாட்டான்."

கால் தானாகப் போனது

என் வகுப்பு தரைத்தளத்தில், சாக்கடைக்கு மேல். மழைக்காலத்தில் கல்லூரி நிர்வாகத்தைவிடக் கரப்பான்களே அங்கே அதிகாரம் செய்தன.

அன்றைக்கு வானொலியைப் பற்றிய பாடம். ருவாண்டாவில் வெட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு ரேடியோ நிலையம் டுட்சிகளைக் கரப்பான் பூச்சி, கரப்பான் பூச்சி என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டு போடும், ஜோக் சொல்லும், நடுநடுவே இது. முதலில் ஒருவனைப் பூச்சி என்று சொல்லப் பழக்கினால் போதும், மீதியை அவனவன் கையே பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சொல்லப்போனால் அந்த வருடத்திலேயே நான் நன்றாக நடத்திய வகுப்பு அதுதான். பின்பெஞ்சு கூடக் கவனித்தது.

அந்த நேரம் பார்த்து மேடைக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்தது. நான் கைகாட்டி, விடுங்கள், அது போகட்டும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் படீர் என்று சத்தம். வகுப்பு கை தட்டியது. சிலர் சிரித்துக்கொண்டே மிதித்தவளின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அது மோனாமி. எறும்புக்குக்கூட வழிவிடுகிற பெண். செருப்பைத் தூக்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. அவளுக்காவது ஏதோ புரிந்தது என்று நினைக்கிறேன்.

"சாரி மேடம், நான் நினைக்கவேயில்ல, பார்த்ததும் கால் தானாப் போயிடுச்சு."

கொண்டகோல்

வங்காளியில் எனக்குப் பிடித்த சொல் கொண்டகோல். ரகளை, குழப்பம், தகராறு, எல்லாம் அதற்குள் அடக்கம். டிராம் கம்பி அறுந்தால் கொண்டகோல், வயிறு சரியில்லை என்றால் வயிற்றில் கொண்டகோல், சம்பளப் பட்டியலில் தப்பு வந்தால் அதுவும் கொண்டகோல்.

ரொமேன்தா எங்கள் துறையில் மூத்தவர். பிரிவினையை ஒட்டி, அவர் குழந்தையாக இருந்தபோது, கிழக்கு வங்காளத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த குடும்பம். ஸ்டாஃப் ரூமில் என் பாடத்தைக் கேட்டு நொந்துகொள்வார். ஒரே பாஷை, ஒரே சாப்பாடு, ஒரே மலை, எப்படி வெட்டிக்கொண்டார்கள், என்ன ஜனங்கள் அவர்கள் என்பார். ஒருநாள் பேச்சு வாக்கில், உங்கள் குடும்பம் எப்போது வந்தது ரொமேன்தா என்று கேட்டேன். கொண்டகோல் நடந்த வருஷம் என்றார். பெரியப்பாவும் அவர் பிள்ளைகளும் படகுத்துறைவரை வந்தார்களாம். படகில் ஏறியது இவருடைய அப்பாவும் அம்மாவும் இவரும்தான். மற்றவர்களை வழிமறித்தவர்களில் ஒருவன், பெரியப்பாவின் கடையில் கணக்கு எழுதியவன். அதே பாஷை, அதே ஆறு, அதே மீன் குழம்பு. ரொமேன்தா இதை டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னார். ஸ்பூன் கப்பில் இடிக்கிற சத்தம் நிற்கவே இல்லை.

நான் மெதுவாக, அப்படியானால் இதற்கும் அதே பெயர்தானே ரொமேன்தா என்று கேட்டேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவு கோபமாக அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். நமக்கென்ன யோக்கியதை, நாமும்தான் சிலோனின் எண்பத்து மூன்றைக் கலவரம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

"ஜொயா, உன் புஸ்தகத்துச் சொல்லையெல்லாம் எங்க வீட்டுக்குள்ள கொண்டு வராதே. ஆப்பிரிக்காவில நடந்தது ஜெனோசைட். எங்களுக்கு நடந்தது வெறும் கொண்டகோல்."

விருந்தாளி

ருவாண்டாவிலிருந்து வந்து கல்கத்தாவில் பார்மசி படித்துக்கொண்டிருந்த ஒரு பையனை ஜெராக்ஸ் கடையில் சந்தித்தேன். இம்மானுவேல் என்று பெயர். பத்து நாள் தயங்கிவிட்டு, எங்கள் பிள்ளைகளோடு வந்து பேச முடியுமா, எது பிடிக்கிறதோ அதை மட்டும் பேசினால் போதும் என்று கேட்டேன். வந்தான். அயர்ன் செய்த சட்டை, டை. அவன் ஊர் மலைகளைப் பற்றியும், அவரைக்காய் சமைக்கிற விதத்தைப் பற்றியும், பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவைப் பற்றியும் பேசினான். பாட்டுக் குழுவில் எத்தனை பேர் என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போனான்.

கேள்வி நேரம். முதல் கேள்வி, எந்த கிளப்புக்கு ஃபுட்பால் ஆடுகிறீர்கள் என்பது. கல்கத்தாவில் ஆப்பிரிக்கன் என்றால் சென்டர் ஃபார்வர்டு. அவன் சிரித்து, எனக்குப் பந்து வராது என்றான். இரண்டாவது கேள்வி, எங்கள் ஊர் மீன் பிடிக்குமா. அதற்கும் நல்லபடியாகப் பதில் சொன்னான். மூன்றாவதாக முன்வரிசைப் பெண் ஒருத்தி, என் பாடத்தில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள், குறிப்பெடுக்கப் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, நீங்கள் ஹுட்டுவா டுட்சியா என்று கேட்டாள். நான் மேஜையைத் தட்டினேன். அவன் பரவாயில்லை என்று கையால் காட்டினான். மரியாதை குறையாமல்தான் பேசினான்.

"கடைசியா இதை என்கிட்ட கேட்டவங்க ரோட்டை மறிச்சு நின்னு கேட்டாங்க. நீங்க உட்கார்ந்துகிட்டுக் கேக்கறீங்க, ரொம்ப நன்றி."

பேரே போதும்

பெல்ஜியக்காரர்கள் ருவாண்டாவை ஆண்டபோது ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள அட்டை கொடுத்து, அதில் ஹுட்டு, டுட்சி என்று எழுதிவைத்தார்கள். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அட்டை போகவில்லை. பிற்பாடு சாலையில் தடுப்புப் போட்டு நின்றவர்கள் அட்டையைத்தான் முதலில் கேட்டார்கள். இதை நடத்திவிட்டு, அட்டையே இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். எல்லோரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள் என்றான் ஒருவன். நல்லவேளை, நம் நாட்டு ரேஷன் கார்டில் அப்படி ஒன்றும் எழுதுவதில்லை என்றான் இன்னொருவன்.

நஸ்ரீன் லேசாகச் சிரித்தாள். கிடர்பூரில் இருந்து பஸ்ஸில் வருகிற பெண். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போவதால், அந்த மாதம் முழுக்க அப்பாவும் அவளும் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். என்னம்மா சிரிக்கிறாய் என்றேன்.

"எங்களுக்குக் கார்டெல்லாம் எதுக்கு மேடம்? பேரைச் சொன்னாப் போதும், அதுவரைக்கும் காலியா இருந்த ஃப்ளாட் அந்த நிமிஷமே நிரம்பிடும்."

சிலபஸுக்கு வெளியே

அதே நஸ்ரீன். கல்லூரியின் டெஸ்ட் பரீட்சையில், இனப்படுகொலையில் சாதாரண மக்களின் பங்கு என்ன என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் சஜெஷனில் இருந்ததை எட்டுப் பாயின்ட்டாக எழுதினார்கள். இவள் முதல் பக்கத்தில் ருவாண்டாவை ஒழுங்காக எழுதிவிட்டு, இரண்டாவது பக்கத்தில் தன் சந்துக்கு வந்துவிட்டாள். அவள் குழந்தையாக இருந்தபோது ஊரில் ஒரு கலவரம். எதிர்வீட்டுக் காக்கு, அதாவது சித்தப்பா முறை சொல்லி இவள் கூப்பிடுகிறவர், இவர்களைத் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பூட்டினார். இன்னொரு வீட்டுக்காரர் இவர்கள் வீட்டுக் கதவை விரலால் காட்டிக் கொடுத்தார். பின்னால் அக்கா கல்யாணத்துக்கு இருவருமே வந்தார்கள். இருவருக்கும் அவள்தான் பரிமாறினாள். காட்டிக் கொடுத்தவர் இரண்டாவது முறை பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ருவாண்டாவில் யார் காக்கு, யார் விரல் காட்டியவர் என்று கலவரத்துக்கு முந்தின நாள் யாராலும் சொல்லியிருக்க முடியாது என்று முடித்திருந்தாள்.

தாளைத் திருத்தியது நான் இல்லை, பகுதிநேர ஆசிரியர் ஒருவர். இருபதுக்கு நாலு போட்டு, இரண்டாம் பக்கத்தின் மேல் கோடு கிழித்து, 'சிலபஸுக்கு வெளியே' என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் நடத்திய காலத்திலேயே ஒரே ஒரு பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது, அதற்கு நாலு மார்க். அவரோடு சண்டை போடப் போகிறேன் என்று சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டேன். அவள் தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். யுனிவர்சிட்டி பரீட்சையில் அவள் நல்ல மார்க் வாங்கிப் பாஸ் செய்தாள். எப்படி வாங்கப் போகிறாள் என்பதை அப்போதே சொல்லிவிட்டாள்.

"வேண்டாம் மேடம், அவர் சொன்னது சரிதான், நான்தான் எங்கேயோ போயிட்டேன். இனிமே சஜெஷனையே மனப்பாடம் பண்ணி எழுதிடறேன்."

நியூ டவுன்

கல்கத்தாவின் ஓரத்தில், நியூ டவுனில், ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்த காலத்தில் எனக்குச் சுக்கிர திசை அடித்தது. ஒரு ஜூலையில் முப்பது பேர் வந்து என் பாடத்தில் சேர்ந்தார்கள். தாழ்வாரத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை. உட்காரப் பெஞ்சு போதவில்லை. டார்ஃபூரில் கிராமங்கள் எரிவது டி.வி.யில் வர ஆரம்பித்திருந்தது. பிள்ளைகளுக்கு மனசாட்சி விழித்துவிட்டது என்று நானே முடிவு செய்து, வீட்டில் பாயசம் வைத்தேன். என் கணவர் எதற்கு என்று கேட்டதற்கு, உலகம் திருந்துகிறது என்றேன். திருந்தட்டும், ஏலக்காய் கொஞ்சம் கூட என்றார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. முந்தின வருடத்து மாணவன் ஷௌவிக், நியூ டவுன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, கல்லூரிக்கு வந்து ஜூனியர்களுக்கு ரகசியம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். எனக்கும் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னான்.

"இன்டர்வியூல, டீம்ல ரெண்டு குரூப் சண்டை போட்டா எப்படிச் சமாளிப்பேன்னு கேட்டாங்க மேடம். நான் ஹுட்டு டுட்சி எக்ஸாம்பிள் குடுத்தேன், அங்கேயே செலக்ட் பண்ணிட்டாங்க!"

கடைசிக் கூட்டம்

அந்த மவுசு இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. இன்டர்வியூவில் கேள்வியை மாற்றிவிட்டார்களாம். 2008 ஜூலையில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பத்தாவது ஆளுக்காக நான் தாழ்வாரத்தில் மட்டும் இல்லை, கேன்டீனிலும் நின்றேன். ஒரு பெண் சேருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து, ராத்திரி தூக்கம் வராது என்று அம்மா பயப்படுகிறாள் மேடம் என்று பெயரை எடுத்துக்கொண்டாள். அவள் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கே தூக்கம் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

கமிட்டி கூடியது. ரொமேன்தா ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். புதுத் துறைத் தலைவர் பிஸ்வஜித், சிறிய வயதுக்காரர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். ஆப்பிரிக்காவுக்குப் பதிலாகச் சுற்றுலா நிர்வாகம் என்று ஒரு பாடம் தயாராக இருந்தது. நான் கெஞ்சினேன். வெட்கமில்லாமல்தான் கெஞ்சினேன். ஒரே ஒரு ஆள்தானே குறைகிறது, ஒரு வருடம் பொறுங்கள் என்றேன். டார்ஃபூர் இன்னும் எரிகிறது, காங்கோவில் கணக்கே இல்லாமல் சாகிறார்கள், கென்யாவில் இந்த ஜனவரியில்தான் தேர்தல் முடிந்த கையோடு அண்டை வீட்டார் வெட்டிக்கொண்டார்கள், இப்போது போய் மூடலாமா என்றேன். அறையில் எல்லோரும் பிஸ்கட் தட்டையே பார்த்தார்கள். நான் அழுதுவிடுவேன் என்று பயந்திருக்க வேண்டும். பிஸ்வஜித் எழுந்துவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சொந்தத் தம்பி மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு சமாதானம் சொன்னார்.

"அதெல்லாம் சின்னச் சின்னதா இருக்கே, ஜொயாதி. ருவாண்டா மாதிரி பெரிசா ஒண்ணு மறுபடி நடக்கட்டும், பேப்பரை உடனே திரும்ப ஆரம்பிச்சுடலாம், நான் கேரண்டி."

இனி எங்கும் இப்படி நடக்கவே கூடாது என்று பதினாறு வருடம் பாடம் நடத்திய ஒருத்திக்கு, இன்னொரு தடவை நடந்தால்தான் வேலை என்று ஆறுதல் சொல்லி அனுப்புகிற தொழில், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.